பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்குக் குரல் உடைந்த பிறகு என்ன மிஞ்சியது?

கேள்வி இது: "என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஓர் இசை நாடகக் குழுவில் பாடி நடித்து வருகிறான். படிப்பு கெடுகிறது என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. சிறுவயதில் மேடையில் பாடி நடிப்பது பிற்காலக் கலை வாழ்க்கைக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது அந்த வயதோடு முடிந்துபோகும் ஆர்வம்தானா?"

உதவும். ஆனால் பெற்றோர் நினைக்கும் வழியில் உதவுவதில்லை. இன்று அவன் மேடையில் எதற்காகக் கைதட்டல் வாங்குகிறானோ, அந்தக் கணீர்க் குரல் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடும். அது போன பிறகு அவனிடம் எது தங்குகிறதோ அதுவே அந்த மேடை அவனுக்குத் தந்த சொத்து. இதை ஆருடமாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் முழுவதும் இந்த வழியில் நடந்து போயிருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் வரலாற்றை எழுதியும் சொல்லியும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு நாடகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அவர்களைத்தான்.

பாய்ஸ் கம்பெனிகளைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஏழெட்டு வயதுப் பையன்களைச் சேர்த்து, பாட்டும் வசனமும் அடவும் கற்பித்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்திய குழுக்கள் அவை. ராஜபார்ட் (கதாநாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி வேடம்) எல்லாமே சிறுவர்கள்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றில் பெரும் பெயர் பெற்றது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று சுமார் 40 நாடகங்கள் எழுதிய சுவாமிகள், அனுபவப்பட்ட பெரிய நடிகர்களை விட்டுவிட்டுப் பையன்களிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. மேடைக்குப் பழகிப்போன பெரிய நடிகர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசவில்லை. மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கத் தர்க்கம் வளர்த்தார்கள். கதை எங்கோ போயிற்று. சிறுவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடி பாடினார்கள்.

அந்தச் சபையில் சேர்ந்த அண்ணன் தம்பிகள்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று அறியப்பட்ட சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் வேடங்களில் பெயர் பெற்ற நடிகர். 1912இல் பிறந்த சண்முகம் மேடையேறியபோது ஆறு வயது. அவரை மனத்தில் வைத்துச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோரும் அறிந்த செய்தி. சுவாமிகளின் வேகத்தைச் சொல்லத்தான் இதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பையன் பக்கத்திலிருந்து பார்க்கத் தோன்றுகிறது. வெண்பாவும் விருத்தமும் சந்தப் பாடல்களும் நிறைந்த ஒரு முழு நாடகத்தைப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புப் படிக்கும் வயதில் ஒரு சிறுவன் பாடமாக வாங்கி மேடையில் தூக்கி நிறுத்தியிருக்கிறான். பொருள் முழுதும் புரிந்திருக்காது. ஆனால் எதுகை எங்கே விழும், மூச்சை எங்கே எடுக்க வேண்டும், எந்தச் சொல்லை உயர்த்தினால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

சிறுவயது இசை நாடகத்தின் முதல் பயன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மொழியைப் பையன்கள் பாட்டாகக் கற்றார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில், நான்கு கட்டை ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில், ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டிச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். பாடும்போது சொல்லை விழுங்கினால் கூட்டம் சலசலக்கும். இரவு தோறும் இந்தத் தேர்வை எழுதிய பையனுக்கு ல, ள, ழ வேறுபாட்டை யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் இந்தச் சிறுவர்கள் திரைப்படத்தில் பேசியபோதும் அரசியல் மேடையில் பேசியபோதும் தமிழ்நாடு மெய்மறந்து கேட்டதற்கு அடிப்படை அங்கே போடப்பட்டது. எம்.ஜி.ஆர். தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர். சிவாஜி கணேசனும் பள்ளிப் படிப்பை விட்டுக் கம்பெனிக்குப் போனவர்தான்.

இன்னொரு பயன், எல்லா வேலையும் தெரிந்துபோவது. கம்பெனி வீட்டில் பகலில் பாட்டுப் பயிற்சி, வசனப் பாடம், ஒத்திகை; இரவில் நாடகம். இன்று ராஜபார்ட் போடுபவன் நாளை யாருக்காவது காய்ச்சல் என்றால் ஸ்திரீபார்ட் போடுவான். தன் வசனத்தோடு மற்றவர் வசனமும் காதில் விழுந்து விழுந்து மனப்பாடமாகிவிடும். படுதா இழுப்பது, ஒப்பனை கலப்பது, உடையை மடித்துப் பெட்டியில் வைப்பது, அடுத்த ஊருக்குச் சாமான் ஏற்றுவது எல்லாம் கண்முன் நடக்கும். 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்று சொந்தக் கம்பெனி தொடங்கியபோது சண்முகத்துக்கு வயது 13. அந்த வயதில் ஒரு கம்பெனியின் முகமாக நிற்க முடிந்ததென்றால், நடிப்பைத் தவிர வேறு என்னென்ன அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, உங்கள் மகனின் வயதைப் பற்றியது. இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல் மாறும். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சிலருக்குச் சில மாதங்கள். சிலருக்கு ஓரிரு ஆண்டுகள். அந்த இடைவெளியில் மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது உச்சத்தில் வரும் 'ச' சுரத்துக்கு, போனால் குரல் பிசிறும், திடீரென்று அடங்கும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பாய்ஸ் கம்பெனிச் சிறுவன் ஒவ்வொருவனும் அஞ்சிய நாள் இது. நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்து ஊரைக் கிறங்கடித்தவன், இன்று சில்லறை வேடத்துக்கு இறங்குவான்; அல்லது வீட்டுக்கு அனுப்பப்படுவான். பதினான்கு வயதில் வேலை இழப்பது என்றால் என்னவென்று அந்தப் பையன்களுக்குத்தான் தெரியும்.

பிற்காலத்தில் பெரிய கலைஞர்களானவர்களின் கதையைப் படிக்கும்போது, திருப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குரல் கைவிட்டதும் ஒவ்வொருவரும் வேறொன்றைத் தேடிப் பிடித்தார்கள். தேடத் தெரிந்தது, முன்பு கற்றிருந்ததால்.

பி.யு. சின்னப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைக்காரர். முதலில் சுவாமிகளின் பால சபையிலும் பின்பு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் இருந்தவர். பாட்டில் கொடிகட்டிப் பறந்தார். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பினார். அந்த இடைவெளியை அவர் வீணாக்கவில்லை. கர்நாடக இசையை முறையாகக் கற்றார். சிலம்பம், எடை தூக்குதல் என்று உடம்பை உருக்குப் போல ஆக்கினார். திரும்பி வந்தபோது பாடவும் சண்டை போடவும் தெரிந்த கதாநாயகனாக வந்தார். 1940இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம். 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு: பாடுபவரும் அவர், பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் அவர்தான். அந்தக் காட்சியைத் தந்திரக் காட்சியாக மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வாத்தியக்காரரின் தலையசைப்பும் வேறு வேறு. கச்சேரியில் பாடகரை மிருதங்கக்காரர் பார்க்கும் பார்வையும் பிடில்காரர் பார்க்கும் பார்வையும் ஒன்றல்ல என்பதைக் கம்பெனி நாள்களில் பக்கத்திலிருந்து பார்த்த கண் அது. 1951இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் போய்ச் சேர்ந்தார்.

அதே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன் சக்ரபாணியோடு சேர்ந்தவர் எம்.ஜி.ஆர். தந்தையை இழந்து, கண்டிப் பக்கத்திலிருந்து கும்பகோணம் வந்து, வறுமை தாளாமல் தாய் அனுப்பிவைத்த பிள்ளைகள். சின்னப்பா போன்றவர்கள் பாடிய மேடையில் பாட்டை நம்பி எம்.ஜி.ஆர். முன்னுக்கு வந்திருக்க முடியாது. அவர் உடம்பை நம்பினார். வாள், கம்பு, நடை, நிற்கும் நிலை ஆகியவற்றில் நாடகத்தில் கற்றதை மேலும் மேலும் தீட்டினார். முதல் படம் 1936இல், சிறு வேடம். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947இல். நடுவில் 11 ஆண்டுகள். பாடத் தெரிந்தவனே கதாநாயகன் என்ற நிலை மாறிப் பின்னணிப் பாடல் முறை நிலைபெற்ற பிறகே அவருக்குக் கதவு திறந்தது. அந்தப் பதினோரு ஆண்டுகள் தளராமல் காத்திருக்கும் பொறுமையையும் கம்பெனி வாழ்க்கைதான் பழக்கியது என்று கருதுகிறேன். சின்ன வேடம் போட்டுக்கொண்டே பெரிய வேடத்தைப் பாடம் செய்து வைத்திருப்பது அங்கே அன்றாடப் பழக்கம்.

எல்லோருக்கும் குரல் போய்விடவில்லை. பாடி நடித்துப் புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பாவின் குரல் வளர்ந்த பிறகும் உச்சத்திலேயே நின்றது. அவர் 1933இல் தமது 27ஆம் வயதில் மறைந்துவிட்டார். சோழவந்தான் டி.ஆர். மகாலிங்கத்துக்கும் அந்த வரம் இருந்தது. 1945இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் முருகனாக அவர் பாடியதை ஊரே பாடியது. இந்த விதிவிலக்குகளைப் பார்த்துத்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பதை நம்பிப் பிள்ளையை வளர்க்கக் கூடாது.

சிவாஜி கணேசனின் கதை வேறு விதம். சிறுவயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மயங்கி, திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தவர். முதலில் கிடைத்தது சீதை வேடம். பெண் வேடத்தில் நடக்கவும் உட்காரவும் நாணவும் கற்ற உடம்பு, பிறகு ராஜா வேடத்துக்கு மாறியது. திரைப்படத்தில் அவருக்காகப் பாடியவர்கள் வேறு. ஆனால் பாட்டுக் காட்சியில் அவர் தொண்டையைக் கவனியுங்கள். எங்கே மூச்சு நிற்க வேண்டுமோ அங்கே மார்பு நிற்கும். சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நெளிவு, விழும் இடத்தில் கழுத்து நரம்பு அசையும். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் கன்னம் புடைப்பதும் சீவாளியை (நாதஸ்வரத்தின் ஊதும் முனையை) உதட்டில் பொருத்துவதும் சிவாஜி. இசை தெரியாதவர் இதை நகல் எடுத்திருந்தால் கால் மாத்திரை பிந்தியிருக்கும். அவருக்குப் பிந்தவில்லை. பாடுகிற வேலை கையை விட்டுப் போனாலும் பாட்டு உடம்பில் தங்கிவிட்டது.

1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். எழுதி இயக்கிய ஏ.பி. நாகராஜன், சிறுவனாக டி.கே.எஸ். குழுவில் சேர்ந்து பெண் வேடம் போட்டவர். சிவாஜி, டி.எஸ். பாலையா, டி.ஆர். மகாலிங்கம் மூவரும் இளம் வயதிலேயே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். ஔவையாராக வரும் கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக மேடையேறியவர். செண்பகப் பாண்டியனாக வரும் முத்துராமன் பயின்ற சேவா ஸ்டேஜ், டி.கே.எஸ். குழுவில் வளர்ந்த எஸ்.வி. சகஸ்ரநாமம் நிறுவியது.

நக்கீரனாக நடித்தவர் நாகராஜனே. அவை நடுவே சிவனும் புலவனும் மோதும் அந்தக் காட்சி, இசை நாடக மேடையின் தர்க்கம் அப்படியே திரைக்கு ஏறியது. ஒருவர் சொல்லி முடிக்கும் கடைசிச் சொல்லின் சூடு ஆறுவதற்குள் மற்றவர் எடுக்கிறார். சிவாஜி சுருதியை ஏற்றிக்கொண்டே போகிறார்; நாகராஜன் ஏற்றவே இல்லை. ஒரே தளத்தில், கையைக் கூட அதிகம் அசைக்காமல், சொல்லின் எடையை மட்டும் கூட்டுகிறார். எதிரே இருப்பவர் உச்சத்தில் பாடினால் நாம் மத்திம ஸ்தாயியில் நின்று சமாளிக்க வேண்டும் என்பது இரட்டையர் பாட்டில் பழகிய பையன்களுக்குத் தெரியும். வசனத்தில் ஒரு சுரம் கூட இல்லை. ஆனாலும் அது பாட்டுத்தான். இரண்டு கம்பெனிகளில் வளர்ந்த இரண்டு பேர், நடு வயதில், ஒத்திகைக் கூடத்தில் கற்றதை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்தக் காட்சி அலுப்பதில்லை.

கலைக்கு வெளியேயும் அந்த வாழ்க்கை தடம் பதித்தது. எம்.என். நம்பியார் சிறுவனாகச் சேர்ந்தது நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபையில். ராஜமாணிக்கம் ஐயப்ப பக்தர். ஐயப்பன் வரலாற்றை நாடகமாகப் போட்டு, தமிழ்நாட்டில் அந்த வழிபாடு பரவக் காரணமானவர்களில் ஒருவர். திரையில் கொடுமைக்காரனாகவே அறியப்பட்ட நம்பியார், வாழ்நாள் முழுவதும் சபரிமலைக்குப் போய்வந்து, பலருக்குக் குருசாமியாக இருந்தார். வில்லனாக நடிப்பதையும் விரதம் காப்பதையும் ஒரே மனிதரிடம் அவர் கற்றார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி, எஸ்.எஸ். ராஜேந்திரன் ஆகியோரும் டி.கே.எஸ். குழுவில் இருந்தவர்கள். எம்.ஆர். ராதா இளமையில் ஜெகந்நாதய்யர் கம்பெனியில் இருந்தவர். இவர்கள் மேடையைச் சீர்திருத்தப் பிரசாரத்துக்குத் திருப்பியபோது, கூட்டத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. ராஜேந்திரன் 1962இல் தேனியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, ஒப்பந்தம் எழுதி வாங்கி, ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பார்க்க விடாமல் வைத்திருந்த கம்பெனிகள் உண்டு. பிரம்படி அங்கே கற்பிக்கும் முறைகளில் ஒன்றாகவே கருதப்பட்டது. வறுமை அனுப்பிய பையன்கள் அவர்கள். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் யாரும் இல்லை. பெண் வேடம் போட்ட அழகான சிறுவர்களுக்குப் போதிய பாதுகாப்பு இருந்ததென்று நம்ப வழியில்லை. பெயர் பெற்றவர்களை மட்டும் எண்ணுகிறோம். மகரக்கட்டு வந்து, எழுத்தும் தெரியாமல், வேறு தொழிலும் தெரியாமல், எங்கோ ஓர் ஊரில் இறக்கிவிடப்பட்ட பையன்களின் தன்வரலாறு நம் கையில் இல்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அடி வாங்கியதால் பெரிய கலைஞர்களானார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடியையும் மீறி ஆனார்கள். அந்த அடி எத்தனை பேரை முறித்துப்போட்டது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வாசலே திறக்கவில்லை. பாய்ஸ் கம்பெனி பெயருக்கேற்றபடி பையன்களுக்கானது. டி.பி. ராஜலட்சுமியும் கொடுமுடி சுந்தராம்பாளும் சிறுமிகளாக வேறு குழுக்களில் மேடையேறி, ஊர்ப்பேச்சையெல்லாம் தாங்கி முன்னுக்கு வந்தார்கள். ராஜலட்சுமி 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி. பிறகு படம் இயக்கவும் செய்தார். சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில், திரைக்கு வந்தார். அவர் குரல் அறுபது வயதை நெருங்கும்போதும் அதே கம்பீரத்தோடு இருந்தது. பெண் குரலும் அந்த வயதில் மாறத்தான் செய்கிறது. ஆனால் இறக்கம் சிறியது. பையனுக்கு வருவதுபோல உடைந்து விழுவதில்லை. எனவே சிறுமியாகப் பாடியதன் தொடர்ச்சி அவர்களுக்கு அறுந்துபோகாமல் நீடித்தது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கற்றதைத் திருப்பிக் கொடுத்தவர் என்று பார்த்தால் சண்முகத்தைத்தான் முதலில் சொல்வேன். 1942இல், முப்பது வயது இளைஞராக, ஔவையாராக மேடையேறினார். கூனும் தளர்ந்த குரலுமாக ஒரு மூதாட்டியை அவர் படைத்ததைப் பார்த்த மக்கள் அவரை ஔவை சண்முகம் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். சிறுவனாக மணிக்குரலில் பாடியவருக்கு அந்தக் குரலைக் கிழட்டுக் குரலாக மாற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தது. குரல் தனக்குச் சொந்தம் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. பாத்திரத்துக்கு ஏற்ப எடுத்து வைக்கும் கருவியாகவே அதைப் பார்த்தார். அவருடைய குழுவில் பின்னாளில் சிறுவனாக நடித்த ஒருவர் கமல்ஹாசன். சினிமாவில் குழந்தை நட்சத்திரமாகப் பெயர் வாங்கிவிட்டு அங்கே போனார். 1996இல் பாட்டி வேடம் போட்ட படத்துக்கு 'ஔவை சண்முகி' என்று பெயர் வைத்தது ஆசிரியருக்குச் செய்த வணக்கம். 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தில் சிவாஜியும் அவரோடு கம்பெனியில் ஒன்றாக இருந்த காகா ராதாகிருஷ்ணனும் அண்ணன் தம்பியாக நடித்தார்கள், எதிரே கமல்.

இனி உங்கள் வீட்டுக் காரியம். குழுவை நடத்துபவரிடம் முதலில் சுருதியைக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கட்டையில் பாட வைக்கிறாரா, குரல் மாறத் தொடங்கிய பையனுக்கு இறக்கிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். "கத்திப் பாடினால் குரல் திறந்துவிடும்" என்று சொல்பவராக இருந்தால் அங்கே விடாதீர்கள். மாறும் காலத்தில் உச்ச ஸ்தாயியை வலிந்து பிடித்தால் குரல் நாண் புண்படும். அந்த மாதங்களில் தாழ்ந்த குரலில், நடுவில் உள்ள ஐந்தாறு சுரங்களுக்குள், கொஞ்ச நேரம் பாடினால் போதும். முழுவதும் நிறுத்தச் சொல்லவும் வேண்டாம்; காது பழக்கம் விட்டுப்போகும்.

பிறகு, பாட்டின் வரிகளைக் கவனியுங்கள். நல்ல தமிழா, பாடிப் பாடி நாக்கு தேறும்படி எழுதப்பட்டதா? திரைப்பாட்டு மெட்டுக்கு வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பியதாக இருந்தால், பிள்ளைக்கு மேடைப் பயம் போவதைத் தவிர வேறு பெரிய பயன் கிடைக்காது. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்னும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. ஒரு நாள் அவனை அழைத்துக்கொண்டு போய், நள்ளிரவுக்குப் பிறகு வரும் வள்ளி முருகன் தர்க்கம் வரை உட்கார்ந்து கேட்க வையுங்கள். முன்பின் ஒத்திகை பார்க்காமல் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த இரண்டு பேர், ஹார்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்கும் ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மடக்கி மடக்கிப் பாடுவதைப் பார்த்தால், பாடம் என்பதற்கு என்ன வலிமை என்று நான் எழுதிப் புரியவைப்பதைவிட அவனுக்கு நன்றாகப் புரியும்.

படிப்பை விட வேண்டாம். கம்பெனிச் சிறுவர்களுக்கு வாய்க்காதது உங்கள் மகனுக்கு வாய்த்திருக்கிறது: மாலையில் ஒத்திகை, காலையில் பள்ளி. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதாக எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் நான் பார்த்ததில்லை. தேர்வு மாதத்தில் மட்டும் ஒத்திகையைக் குறைத்தால் போதும்.

குரல் மாறியதும் அடுத்த நாடகத்தில் அவனுக்குப் பாட்டில்லாத வேடம் கொடுப்பார்கள். அவனுக்கு அது வலிக்கும். அப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். அந்த வேடத்தைப் போடட்டும். மேடைக்குப் பின்னால் நின்று சிறு பையன்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கட்டும். ஒத்திகை நடக்கும்போது ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஓர் இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.